பீமுக்குக் கான்கிரீட் சட்டை

வீரபாண்டிப் பக்கம் பனியன் கம்பெனி குடோன்களில் துணி ரோல்களும் வேஸ்ட்டும் கூரை முட்டக் கிடக்கும். தீப்பிடித்தால் கூரையைத் தாங்கும் இரும்பு ஐ-பீம் எரியாது. ஆனால் 550 டிகிரி செல்சியஸ் வாக்கில் பாதி வலுவை இழந்து தொய்ந்துவிடும். அதற்குக் கான்கிரீட் சட்டை போடுவது பழைய வேலை. எனக்கு ரொம்பப் பிடித்த வேலையும்கூட.

முதலில் பீமைச் சுற்றிக் கம்பிவலை. அது இல்லாவிட்டால் சூட்டில் கான்கிரீட் பெயர்ந்து கொட்டிவிடும். பிறகு பலகை அடைத்து, பொடி ஜல்லிக் கலவையை ஊற்றுவார்கள். பீமின் கீழ்த்தட்டுக்கு அடியில் காற்று தங்காமல் குத்திவிடுவதில்தான் கொத்தனாரின் கை தெரியும். 50 மில்லிமீட்டர் கனம் போதும், சில மணி நேரம் தாங்கும். உள்ளிருக்கும் ஈரம் 100 டிகிரியில் ஆவியாகித் தீரும்வரை சூடு இரும்பை எட்டத் திணறும்.

பாரம் அதிகம்தான், கூலியும் அதிகம்தான். இப்போது சூட்டில் உப்பும் பெயின்ட்டே போதும் என்கிறார்கள். ஆனால் ஃபோர்க்லிஃப்ட் உரசினால் உரியாதது கான்கிரீட்தான்.