சவரக்கத்தியின் பதம்: மீட்பு மரபுகளும் அளவுகோல்களும்

நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றி எழுதிய ஜே. சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தது டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில். ஒரு கருவி எத்தனை காலம் உழைக்கும், கெட்டால் உள்ளூர்க் கையால் சரிசெய்ய முடியுமா என்று கேட்கக் கற்றுத்தந்த மண் இது. மடக்குச் சவரக்கத்தி அந்தக் கேள்விக்குத் தலைநிமிர்ந்து பதில் சொல்லும். தாத்தா தீட்டிய கத்தியில் பேரனும் முகம் வழித்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகச் சென்னையில் 1986இல் கண்டறியப்பட்டது. அதன்பின் முடிதிருத்தகங்கள் படிப்படியாக, ஒருமுறை வழித்துவிட்டு எறியும் பிளேடுக்கு மாறின. சரியான மாற்றம். பழைய கத்தியை மீட்பது ஒருவர் தம் முகத்துக்கு மட்டும் என்றால்தான் நானும் ஆதரிப்பேன். ஆனால் அந்த மாற்றத்தில், சவரக் கருவிகள் வைக்கும் பையான அடைப்பத்துக்குள் முடங்கியவை சாதாரண இரும்பல்ல.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் எஃகை உருக்கி வார்த்தார். அந்த ஊரின் பழங்கத்திகள் ஆப்புப்போலக் கனத்தவை. கரடான தாடிக்கு அஞ்சாதவை. ஜெர்மனியின் சோலிங்கன் இருபுறமும் குழிவாகச் சாணை பிடித்து அலகை மெலியவைத்தது. முகத்தில் இழுக்கும்போது அது பாடும். 1938 முதல் அவ்வூர்ப் பெயருக்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. பிரான்சின் தியேர், ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டூனா ஆகியவற்றுக்கும் தனிப்பெயர் உண்டு. ஜப்பானியக் கமிசோரி மடங்காது. கடின எஃகோடு மெல்லிரும்பைப் பற்றவைத்தது, இருபக்கமும் ஒன்றுபோல் இராது. தென்னிந்தியாவில் பெயர்பெற்ற உருக்கு எஃகை வியந்த லண்டன் கத்தி வினைஞர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட், மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820இலும் 1822இலும் கட்டுரைகள் வெளியிட்டார்.

நம் பக்கத்து மரபு கத்தி செய்வதில் அல்ல, அதைக் காப்பதில். சவரத்தோடு கட்டி கீறுவதும் வைத்தியமும் பார்த்த மருத்துவர் சமூகத்தின் கைகள் அதை வளர்த்தன. கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்து, கடைசியில் உள்ளங்கையில் நாலு தடவை தடவும் பழக்கத்தை ஊருக்கு ஊர் பார்க்கலாம். இதற்குப் பாடநூல் எழுதப்படாதது பெரிய இழப்பு. சோலிங்கன் சாணைக்காரருக்குத் தரும் மரியாதையை இந்தக் கைகளுக்கும் தரவேண்டும் என்பதே என் வாதம்.

மீட்பவரின் தரத்தை, அவர் எவ்வளவு எஃகை விட்டுவைத்தார் என்பதில் பார்க்க வேண்டும். செந்துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நயமான உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்தால் போதும். எஃகைக் காக்கும் கருமையைக் கண்ணாடியாக்கத் துடிக்கக் கூடாது. மோட்டார் சாணையில் வைத்தால் சில நொடிகளில் விளிம்பு சூடேறும். நீலம் பூத்துவிட்டதா, அந்த இடத்தில் பதம் போயிற்று. எந்தக் கல்லும் மீட்காது. கையால் தேய்ப்பதற்கு நாள் பிடிக்கும், ஆனால் இந்த ஆபத்து இல்லை.

தீட்டும்போது முதுகும் விளிம்பும் சேர்ந்து கல்லில் படிய வேண்டும். கோணத்தை முடிவுசெய்வது முதுகுதான். அதைத் தேய்த்து மெலியவைத்தால் கோணமே மாறிவிடும். பெல்ஜியத்தின் கோட்டிக்யூல் கல்லில் உள்ள கார்னெட் துகள்கள் எஃகை அறுத்து மென்மையான விளிம்பைத் தருகின்றன. பிசிறு நீங்கிய பின், தொங்கும் ஒற்றைமுடியைத் தொட்டதும் கத்தி அறுக்கிறதா என்று பலர் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் கடைசித் தீர்ப்பைத் தாடையின் ஈரத்தோல்தான் சொல்ல வேண்டும்.

கைப்பிடியில்தான் கருத்து மோதுகிறது. கொம்பு, தந்தம் என்றால் அப்படியே வைத்துக் காப்பதே முறை. பழைய செல்லுலாய்டோ தானாகவே சிதைந்து அமில ஆவி விடும். அலகையும் பக்கத்திலிருக்கும் கத்திகளையும் துருவேற்றும். மூலப்பிடியைக் கழற்றவே கூடாது என்போர் உண்டு. நான் தறையாணியைத் தட்டிக் கழற்றி, கொம்பில் புதுப்பிடி போட்டு, பழையதைத் தனிப் பெட்டியில் வைக்கச் சொல்வேன்.

வெட்டுவிளிம்பிலேயே துருக்குழி விழுந்த கத்தியை மட்டும் எண்ணெய் தடவி அடைப்பத்திலேயே திருப்பி வையுங்கள்.