கசப்புக்கு யார் மதிப்பெண் போடுவது?

காய்ச்சியவள் பெண். சுவைத்துத் தீர்ப்புச் சொன்னவன் ஆண். இங்கிலாந்தில் எய்லின் கதையை இந்த இரண்டு வாக்கியங்களில் தொடங்கலாம்.

எய்ல், பீர் வகைகளிலேயே மூத்தது. பார்லியை முளைகட்டி, உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, நொதிக்க விடுவார்கள். ஹாப்ஸ் சேராத பழைய எய்ல் சில நாட்களில் புளித்துவிடும். அதனால் அடிக்கடி காய்ச்ச வேண்டும், மிஞ்சியதை அண்டை வீடுகளுக்கு விற்க வேண்டும். சமையலறையிலிருந்து நீண்ட அந்த வேலையை அதிகம் செய்தவர்கள் பெண்கள். 'ப்ரூஸ்டர்' என்ற சொல்லுக்கே காய்ச்சுகிற பெண் என்றுதான் பொருள். 13ஆம் நூற்றாண்டில் வந்த ரொட்டி, எய்ல் சட்டம் விலையையும் தரத்தையும் கட்டுப்படுத்தியது. ஊருக்கு ஊர் எய்ல் சோதகர்கள் வீடுவீடாகப் போய்ச் சுவைத்து, தவறுக்குப் பெயரை எழுதி, அபராதத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பதவியில் அமர்ந்தவர்கள் ஏறக்குறைய எப்போதும் ஆண்களே.

ஜூடித் பென்னட் 1996இல் வெளியிட்ட ஆய்வு நூல், 1300க்கும் 1600க்கும் இடையில் இந்தத் தொழில் பெண்கள் கையைவிட்டுப் போனதைத் தடம் பிடிக்கிறது. ஹாப்ஸ் வந்ததும் பீர் நாள்படத் தாங்கியது, தூரம் பயணம் செய்தது, லாபம் பெருகியது. லாபத்துக்கு முதலும் கடனும் சங்கமும் தேவைப்பட்டன. அவை பெண்களுக்கு எட்டவில்லை. கைத்திறன் குறைந்ததால் அவர்கள் வெளியேறவில்லை.

போகும்போது கெட்ட பெயரையும் சுமந்து போனார்கள். லட்லோ நகரத்துத் தேவாலயத்தில் ஒரு மர இருக்கையின் அடியில், அளவில் ஏமாற்றிய எய்ல்காரியைப் பேய் தோளில் போட்டு நரகத்துக்குத் தூக்கிப் போகிறது. அவள் கையில் குவளை அப்படியே இருக்கிறது. அளவு குறைத்த ஆண்களே அந்த ஊரில் இல்லையா என்ன!

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் ப்ரூஸ்டர்ஸ் என்ற ப்ரூவரியின் எய்ல்களை நான் குடித்தேன். சாரா பார்ட்டன் 1998இல் ஸ்டாதர்ன் கிராமத்தில் தொடங்கியது, 2006இல் பக்கத்து ஊரான கிரந்தத்துக்கு இடம் மாறியது. (மார்கரெட் தாட்சர் பிறந்த ஊர். அந்த ஊரைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு வேறொரு காரணம் கிடைத்தது.) பிரிட்டனின் பீர் எழுத்தாளர் சங்கம் தரும் ஆண்டின் சிறந்த ப்ரூவர் விருதை 2012இல் பெற்றார், முதல் பெண்ணாக.

பீப்பாயில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும் எய்லை ஐஸ் போலக் குளிர்விக்க மாட்டார்கள். 11 முதல் 13 டிகிரிதான். சில்லென்ற குளிர் நாக்கை மரக்கச் செய்து குறைகளை மறைக்கும், இங்கே அந்த மறைப்பு இல்லை. மார்க்விஸ் 3.8 சதவீதம். முதலில் வறுத்த ரவையின் மணம், நடுவில் லேசான இனிப்பு, கடைசியில் வாயை உலர்த்திவிட்டுப் போகும் கசப்பு. நிதானமான எய்ல், பேச்சுக்குத் துணையாக இருக்கும். ஹாப்ஹெட் 3.6 சதவீதம்தான், ஆனால் அதில் ஹாப்ஸ் முதல் மிடறிலிருந்து கடைசிவரை விலகுவதில்லை. மேலே பூ வாசம், அடியில் வேப்பம்பூ ரசத்தின் கசப்பு. குடித்து முடித்துக் கொஞ்ச நேரம் கழித்தும் நாக்கின் பின்பக்கம் அது இருக்கிறது. இரண்டில் எனக்கு இதுதான்.

நான் சிறிது காலம் போய்வந்த ஒரு ருசிக் குழுவில் 50 மதிப்பெண் படிவம் ஒன்று உண்டு. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. வேறொரு எய்லுக்கு நான் 'வறுத்த ரவை' என்று எழுதியதை மூத்தவர் ஒருவர் அடித்துவிட்டு 'பிஸ்கட்' என்று எழுதினார். ரவை சுவைச் சொல் அல்லவாம். 1970களில் மெய்ல்கார்ட் என்ற வேதியியலாளரின் முயற்சியில் உருவான பீர் சுவைச் சக்கரத்தில் காகிதம் இருக்கிறது, தோல் இருக்கிறது, பூனை வாடைகூட இருக்கிறது. பூனைக்கு இடம் உண்டு, ரவைக்கு இல்லை! சக்கரத்தை நான் குறை சொல்லவில்லை. பத்துப் பேர் ஒரே குறையை ஒரே பெயரால் அழைக்க அது உதவுகிறது. ஆனால் பெயர்கள் யாருடைய அலமாரியிலிருந்து வந்தன என்று கேட்கலாம். இட்லி மாவு பொங்கியதா, கடந்துவிட்டதா என்று மூடியைத் திறந்த நொடியில் மூக்கால் சொல்கிறவர்கள் நம் வீட்டில் எத்தனை பேர்! நொதித்தலை அறிந்த அந்த மூக்குக்குப் படிவம் தர யாருக்கும் தோன்றியதில்லை.

பப்களில் 'பெண்களுக்குக் கசப்பு பிடிக்காது' என்று பழச்சுவை பீரை நீட்டுகிறார்கள். சுண்டைக்காயை வற்றல் போட்டு ஜாடியில் சேர்த்து வைக்கிற சமையலறையிலிருந்து வந்தவளிடம்!

தோழிகள் சிலர் இந்தக் கட்டுரையையே விரும்ப மாட்டார்கள் என்று தெரியும். குடி என்றால் நமக்கு டாஸ்மாக் வாசலும், காலியான கூலியும், அடிபட்ட உடம்பும். 1992இல் நெல்லூர் மாவட்டத்து தூபகுண்டாவில் சாராயத்தை எதிர்த்து எழுந்த பெண்களின் பக்கம்தான் நானும். அவர்கள் கேட்டது பறிபோன கூலியை, அமைதியான வீட்டை. அதற்கும் நான் ஒரு கோப்பையை அளந்து பேசுவதற்கும் பகையில்லை. குடி பற்றிய பேச்சில் நமக்கு விட்டுவைத்திருக்கும் இடங்கள் இரண்டுதான்: பாதிக்கப்பட்டவள், கெட்டவள். மதிப்பிடுகிறவளாக எங்கே உட்காருவது?

அந்தக் 'கெட்டவளை' ப்ரூஸ்டர்ஸே கையில் எடுத்தது. 'விக்கட் வுமன்', பொல்லாத பெண், என்ற பெயரில் எய்ல்களை இறக்கியது. லட்லோ சிற்பத்துக்கு ஒரு பெண்ணின் பதில் என்று வாசிக்கலாம், அப்படி வாசிக்கவே ஆசை. ஆனால் பம்பின் கைப்பிடியில் அந்தப் பெயரைப் பார்த்துக் கண்ணடிக்கிற ஆண் லட்லோவை நினைக்கப் போவதில்லை. பெண்களை இழிவுபடுத்தும் பெயர்களும் படங்களும் கொண்ட பீர்களைப் பெரிய பிரிட்டிஷ் பீர் திருவிழா 2019இல்தான் விலக்கியது. அத்தனை காலம் அந்தக் கண்ணடிப்பு சகஜமாக இருந்தது. அதனால் எனக்கு இந்தப் பெயரில் அரைமனதுதான். படிவத்தில் பெயருக்கென்று ஒரு கட்டம் இல்லை. இருந்திருந்தால் அங்கே இரண்டு மதிப்பெண் குறைத்திருப்பேன்.