அலமாரியின் முதுகு

தச்சு வேலை கற்றுக்கொள்ளலாம் என்று எண்ணி ஜேம்ஸ் கிரெனோவின் 'எ காபினெட்மேக்கர்ஸ் நோட்புக்' (1976) நூலை வாங்குகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். இத்தனை அங்குலம் வெட்டு, இப்படிப் பொருத்து என்று சொல்லித்தருகிற நூல் அல்ல அது.

கிரெனோவ் 1920-ல் ரஷ்யாவில் பிறந்தவர். ஸ்டாக்ஹோமில் கார்ல் மால்ம்ஸ்டெனின் பள்ளியில் தொழில் கற்றவர். 2009-ல் காலமானார். உயர்ந்த கால்களின் மேல் நிற்கும் சிறு அலமாரிகளே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை. நாம் படம் போட்டுவிட்டு மரம் தேடுவோம். அவரோ பலகையை முன்னால் வைத்துக்கொண்டு நாள் கணக்கில் பார்க்கிறார். வரி வளைகிற இடம் கதவாகிறது; நேராக ஓடுகிற இடம் சட்டமாகிறது. இழைப்புளியைக்கூடத் தாமே மரத்தில் செய்துகொள்கிறார். யந்திர ரம்பத்தையும் அவர் ஒதுக்கவில்லை என்பதை அவருடைய பக்தர்கள் கவனிக்க வேண்டும்.

சுவரைப் பார்த்து நிற்கும் பின்பக்கத்தையும் முன்பக்கம் போலவே இழைத்து முடிக்கிறார். இதைப் படித்தபோது எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. நம்முடைய நாவல்களில் எத்தனைக்கு முதுகு வெறும் ஆணியடித்த ஒட்டுப்பலகை!

குறையும் உண்டு. சொன்னதையே சொல்கிறார், சில பக்கங்களில் உபதேசியாகிவிடுகிறார். மாதக்கணக்கில் ஓர் அலமாரி செய்கிறவன் வீட்டு வாடகைக்கு என்ன செய்வான் என்ற கேள்விக்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தப் புகைப்படங்களில், கத்தியால் செதுக்கிய சிறு மரக் கைப்பிடியைப் பார்க்கும்போது, கதவைத் திறந்து பார்க்க விரல் துறுதுறுக்கிறது.