நிறுவ வேண்டியவர் யார்?

குனோங் ராபாட்டில், சுண்ணாம்புக் குன்றின் நிழல் விழும் ஒரு வீட்டுத் திண்ணையில், நாங்கள் சிலர் கூடிச் சிலப்பதிகாரம் படித்து வருகிறோம். கொலைக்களக் காதை முடிந்த இரவு, இளமையிற் பால்மரம் வெட்டி முதுமையிற் பட்டணம் சேர்ந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: “இந்தச் சிலம்பு என் பெண்சாதியுடையது என்று கோவலன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, தம்பி?”

கூடியிருந்தோர் பலரும் ஆமென்று தலையசைத்தனர், யானும் அசைத்தேன். வீடு சேர்ந்த பின்னரே அவ்வினாவிலுள்ள பிழை எனக்குப் புலனாயிற்று. குற்றஞ் சாட்டியவனிடம் கேட்க வேண்டியதைக் கொலையுண்டவனிடம் கேட்டுவிட்டோம். பாண்டியன் செய்த பிழையும் இதுவே அன்றோ?

ஒன்றை உண்டென்று கூறுபவனே அதனை மெய்ப்பிக்கக் கடமைப்பட்டவன் என்பது வழக்கு மன்றத்தின் முதல் விதி. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தை ஒட்டி அமைந்த இந்நாட்டின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும், தன் 101ஆம் பிரிவில் இதனையே கூறுகிறது. 1935இல் ஆங்கில நாட்டுப் பிரபுக்கள் சபை, உல்மிங்டன் என்பானது வழக்கில், குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பினதே என வலியுறுத்திற்று. எனினும், வழக்கு நடக்குங்கால் விடைகூறும் சுமை ஒரு பக்கத்தினின்று மறுபக்கம் நகர்தலும் உண்டு. சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவு அதற்கோர் எடுத்துக்காட்டுத் தருகிறது. களவு போன பொருள் களவு நிகழ்ந்த அண்மையில் ஒருவன் கையில் இருந்து, அது வந்த வழியை அவன் கூற இயலாவிடின், அவனே கள்வன் என்றோ, களவென அறிந்தே பெற்றவன் என்றோ மன்றம் கொள்ளலாம்.

கையிற் சிலம்போடு நின்ற கோவலனுக்கு இது பொருந்தாதோ எனச் சிலர் வினவலாம். பொருந்தாது. என்னை? இச்சுமை நகருமுன் இரண்டு படிகள் ஏற வேண்டும். கையிலுள்ள பொருளே களவு போன பொருள் என்பதைச் சாட்டியவன் காட்டுதல் முதற்படி. விடைகூற அவனுக்கு வாய்ப்பளித்தல் இரண்டாம் படி. மதுரையில் இரண்டும் நிகழ்ந்தில. அரசியின் ஊடல் தணிக்க அவள் கோயிலை நோக்கிப் பாண்டியன் செல்லும் வழியிலேயே, பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு ஆணையிட்டுவிட்டான். வாயிலைக் கடந்து, அவ்வரசியையே சிலம்பின் அடையாளம் கேட்டிருக்கலாம், கேட்டிலன். கள்வன் கையில் சிலம்பு இருக்குமாயின் கொன்று கொணர்க என்பதே அவன் ஆணையின் கருத்து. இருத்தல் ஒன்றே குற்றத்துக்குச் சான்றாகிவிட்டது.

கோவலன் நிலை யாது? வந்த காவலர் அரசன் ஆணையாற் சிலம்பைக் காண வந்தவர் என்றே பொற்கொல்லன் அவனிடம் கூறுகிறான். தன்மேற் குற்றம் சாட்டப்பட்டதையே அறியாதவன் எதனை மறுப்பான்? வந்த காவலர், இவன் கொலைக்குரியவன் அல்லன் என ஐயுற்று உரைக்கவும் செய்தனர். ஐயம் பிறந்த இடத்தில் வாள் உறைக்குள் இருந்திருக்க வேண்டும். பொற்கொல்லனோ கள்வர் கைக்கொள்ளும் எட்டு வகைத் துணைகளை விரித்துரைத்து, அவ்வையத்தைப் பேச்சினால் மூடினான். கல்லாத குடியன் ஒருவன் வாள் முடிவு செய்தது. கோவலன் அறிவின்மையாலோ ஊழினாலோ வாய்திறவாதிருந்தான் என்று உரைப்போர், இளங்கோ காட்டும் இந்நிரலை ஊன்றி நோக்காதவர் ஆவர்.

இனி வழக்குரை காதைக்கு வருவோம். கண்ணகியின் சினத்தையும் கற்பையும் புகழாத மேடை இந்நாட்டில் இல்லை. அவள் வழக்கை நடத்திய முறையைப் புகழ்வார் அரியர். சிலம்பை உடைக்கு முன்னரே தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசனும் தங்கள் சிலம்பின் பரல் முத்து என ஒப்புகிறான். இரு தரப்பாரும் தத்தம் கூற்றிற் கட்டுண்ட பின்னரே சிலம்பு உடைகிறது. உடைத்த பின் முத்தென்றோ மணியென்றோ சொல்வதாற் பயனென்னை? மெய்ப்பிக்கும் சுமை தன்னதன்றாகவும் அதனை அவள் ஏற்றாள், நொடிப்பொழுதில் நிறைவேற்றினாள். பாண்டியனுக்கும் உரிய பெருமையை மறுத்தல் ஆகாது. நீயே மெய்ப்பி என்று வாளா இராமல், தன் கையிலிருந்த சான்றைத் தானே வருவித்து அவள்முன் வைத்தான். அச்சான்று தன்னைக் கள்வனாக்கிய போது, தீர்ப்பையும் தானே கூறி உயிர் நீத்தான். இத்தகைய நேர்மையைக் கொலைக்கு முன் காட்டியிருப்பானாயின் காப்பியம் இல்லை, கோவலன் இருந்திருப்பான்.

பெரிய புராணத்தில் வேறொரு மன்றத்தைச் சேக்கிழார் காட்டுகிறார். முதியவர் ஒருவர் சுந்தரரைத் தம் அடிமை என்கிறார். வெண்ணெய்நல்லூர் அவையோர், கூறியவரே நிறுவ வேண்டும் என்று கூறி, ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றில் ஒன்றைக் கேட்கின்றனர். வந்தவர் இறைவன் என்பது நூல் கூறும் செய்தி. இறைவனும் அம்மன்றில் ஓலை காட்டாமல் வெல்ல இயலவில்லை. சுந்தரர் கிழித்தது படியோலை. மூல ஓலை வெளிவந்து, பாட்டனார் கையெழுத்து வேறோர் ஓலையோடு ஒத்த பின்னரே, சுமை சுந்தரர் பக்கம் சாய்கிறது. மதுரை மன்னன் தவறிய நிரலை அவ்வூர் அவையோர் தவறவிட்டிலர். ஆயினும் ஒரு குறை கூறாதிருக்க மாட்டேன். ஓலை மெய்யோ என்று கேட்டோர், பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டுமோ என்று கேட்டிலர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் இந்நாட்டில் ஒழியும் வரை ஓலையிற் கட்டுண்ட மக்களின் வழியில் வந்த நமக்கு, அக்கேள்வி சிறிதன்று.

இவை பழங்கதை என எண்ணற்க. நம் நாட்டு அபாய மருந்துச் சட்டம், ஒருவன் காவலில் இருந்த பொருளை அவன் அறிந்தே வைத்திருந்தான் என்று முதலில் ஊகிக்க இடந்தருகிறது. அவ்வூகத்தின் மேல், அவன் அதனைக் கடத்தினான் என்னும் இரண்டாம் ஊகத்தையும் அடுக்கலாகாது என்று 1998இல் கூட்டரசு நீதிமன்றம் கூறிற்று. 2014இல் 37ஏ என்னும் பிரிவைச் சேர்த்து, அவ்வடுக்குக்குச் சட்டமே வழி திறந்தது. 2019இல் அல்மா நூடோ அத்தென்சா வழக்கில், அப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என அதே நீதிமன்றம் அதனை நீக்கியது. தூக்குக் கயிறு நிழலாடிய வழக்குகளில் சுமை எவர் தோளில் என்பது சொற்போர் அன்று, உயிர்ப்போர்.

அடுத்த வாரம் இவற்றையெல்லாம் பெரியவரிடம் கூறினேன். நெடுநேரம் பேசாதிருந்து, “எங்கள் தோட்டத்தில் ஒருநாள் கட்டிப்பால் குறைந்தது. நீ எடுக்கவில்லையென்று காட்டு என்றார் கங்காணி. எடுக்காததை எப்படித் தம்பி காட்டுவது? அரைச் சம்பளம் போயிற்று” என்றார். கோவலனை அவர் கேட்ட கேள்வி, அன்று அவரையே பிறர் கேட்ட கேள்வி!

காப்பியத்தின் எஞ்சிய பகுதியை இக்கண் கொண்டே படிக்குமாறு அன்பர்களை வேண்டுகிறேன். அரசனிடம் சான்று கேட்ட கண்ணகி, தீத்திறத்தார் பக்கம் சேர்க என்று நெருப்பை ஏவுகிறாள். எவர் தீத்திறத்தார் என நிறுவியவர் யார்? பின்னர், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்று அவளுக்குச் சாந்தி செய்தான் என்கிறது உரைபெறு கட்டுரை. களவு செய்தவன் ஒருவன், மாண்டவர் ஆயிரவர். அவர்மேற் காட்டப்பட்ட சான்று அவர்தம் தொழில் ஒன்றே. கோவலன் ஒருவனுக்காகக் கண்ணீர் வடிக்கும் நாம், அவ்வாயிரவர்க்காக ஒரு வினாவேனும் எழுப்பியதுண்டா? பிறப்பையும் தொழிலையும் காட்டி ஒருவனைக் குற்றவாளி என்று சுட்டும் வழக்கம் நம் லயங்களிலும் தெருக்களிலும் உள்ளவரை, ‘நிறுவ வேண்டியவர் யார்?’ என்னும் கேள்வியை நாம் விடலாகாது. சுட்டுபவனே நிறுவுக.