விடையை மறைக்கத் தெரிந்த செயலி எது?

சேர்வராயன் மலையில், குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் அமைந்துள்ள சிற்றூர் கொட்டச்சேடு. காப்பித் தோட்டங்களும், அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், அம்மரங்களைப் பற்றிப் படரும் மிளகுக் கொடிகளும் சூழ்ந்த ஊர் இது. இங்கு எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருக்கிறாள். பாடம் படிப்பதற்காக வாங்கிய டேப்லெட்டில் ஏழு மாதங்களாகச் சதுரங்கமும் பயின்று வந்தாள். புதிர்களை விடுவிப்பதற்குச் செயலி அளிக்கும் தரப்புள்ளி அவளுக்கு 900 இலிருந்து 1600 வரை ஏறியது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அண்மையில் சேலத்தில் நடந்த ஒரு போட்டிக்குச் சென்றாள். ஐந்து ஆட்டங்களில் நான்கில் தோற்றுத் திரும்பினாள்.

"சார், டேப்ல எல்லாம் வருது. போர்டுல உக்காந்தா ஒண்ணும் வரமாட்டேங்குது" என்றாள். அவள் தந்தையோ, "வேற நல்ல ஆப் எதுன்னு சொல்லுங்க சார், பணம் கட்டணும்னாலும் கட்டிடறேன்" என்றார். அவர் தோட்டத்தில் நாட்கூலிக்கு வேலை செய்பவர். ஆகவே இக்கேள்விக்குப் பொறுப்புடன் விடை கூற வேண்டியிருந்தது. அதற்காகச் சில செயலிகளை ஆராய்ந்து பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில் அவள் பயிலும் முறையைக் கவனித்தேன். புதிர் திரையில் தோன்றிய மூன்று, நான்கு வினாடிகளில் ஒரு காயைத் தொடுவாள். சிவப்பு நிறம் தோன்றினால் வேறொன்றைத் தொடுவாள். பச்சை வந்ததும் அடுத்த புதிருக்குப் போய்விடுவாள். இருபது புதிர்களில் பதினொன்று இரண்டாம், மூன்றாம் முயற்சியில் விடுபட்டவை. அச்செயலியில் மீண்டும் முயல்வதற்குப் புள்ளி குறைவதில்லை. பூட்டில் சாவிக்கொத்தின் சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது போன்றதே இது. பூட்டு திறக்கும், ஆனால் எந்தச் சாவி ஏன் பொருந்தியது என்பது தெரியாது. போட்டியில் பலகை சிவப்போ பச்சையோ காட்டுவதில்லையன்றோ?

மனம் எவ்வாறு கற்கிறது?

சதுரங்க வீரரின் சிந்தனையை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர்களுள் முன்னோடி, ஹாலந்து நாட்டு உளவியலாளர் அட்ரியான் டி குரூட். அவருடைய ஆய்வேடு 1946 இல் வெளிவந்தது. அவரைப் பின்பற்றி 1973 இல் அமெரிக்காவில் சேஸ், சைமன் என்னும் இருவர் ஒரு சோதனை நடத்தினர். உண்மையான ஆட்டமொன்றின் நிலையை ஐந்து வினாடிகள் மட்டும் காட்டி மறைத்தனர். பின்னர் காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த வீரர் ஏறத்தாழ 16 காய்களைச் சரியாக வைத்தார். தொடக்க நிலை ஆட்டக்காரர் நான்கைத்தான் வைக்க முடிந்தது. காய்களைத் தாறுமாறாக இறைத்து வைத்துக் காட்டியபோதோ இருவருக்குமிடையே பெரிய வேறுபாடு தென்படவில்லை. தேர்ந்தவரிடம் இருப்பது பொதுவான நினைவாற்றல் மட்டுமன்று, பொருளுள்ள அமைப்புகளைக் காணும் திறன் என்பது இதனால் புலனாயிற்று.

இத்திறன் எவ்வாறு வளரும்? ரோடிகர், கார்பிக்கே என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 2006 இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைவுகூரத் தக்கது. ஒரு பாடப் பகுதியை மாணவர் சிலர் திரும்பத் திரும்பப் படித்தனர். வேறு சிலர் படித்தபின் நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுத முயன்றனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. எழுத முயன்றவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. விடையைப் பார்க்கும்போது தெரிந்துவிட்டது போன்ற நிறைவு உடனே கிடைக்கிறது. தேடித் துழாவும்போது அந்நிறைவு கிடைப்பதில்லை. ஆனால் கற்றது நிலைக்கிறது.

எனவே சதுரங்கப் பயிற்சிச் செயலியை மதிப்பிட நான் கொண்ட முதல் அளவுகோல் இதுதான்: கேள்விக்கும் விடைக்கும் இடையே அது எவ்வளவு இடைவெளி விடுகிறது? தவறு செய்தவனிடம் அது என்ன சொல்கிறது? இவற்றுடன், இணையத் தொடர்பு இல்லாதபோது இயங்குமா, என்ன விலை, தமிழில் கிடைக்குமா என்னும் மூன்றையும் சேர்த்துக் கொண்டேன்.

மலைக்கு உரிய சிக்கல்

இணையத் தொடர்பைப் பற்றிக் கேட்பது நகரவாசிக்கு வியப்பாக இருக்கலாம். 1800 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள கைப்பேசி அலையின் நீளம் சுமார் 17 சென்டிமீட்டர். இவ்வளவு குறுகிய அலை, குறுக்கே நிற்கும் குன்றைச் சுற்றிப் போதிய அளவு வளைந்து வருவதில்லை. குன்றின் மறுபுறம் அலைக்கு ஒரு நிழல் உண்டாகிறது. அந்நிழலில் அமைந்த வீட்டில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். இங்கே ஒவ்வொரு நகர்வுக்கும் இணையத்தை நாடும் செயலி பாதி நாள் பயன்படாது.

திரையின் அளவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 6.5 அங்குலக் கைப்பேசியில் சதுரங்கக் கட்டம் ஒன்றின் பக்கம் ஏறத்தாழ 0.85 சென்டிமீட்டர், 10 அங்குல டேப்லெட்டில் 1.7 சென்டிமீட்டர். அதாவது இரு மடங்கு. பயிற்சிக்கு டேப்லெட்டே ஏற்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் போட்டிப் பலகையில் கட்டம் 5 சென்டிமீட்டருக்கும் மேல் இருக்கும். காய்களை மேலிருந்து பார்க்காமல் சாய்வாகவும் பார்க்க வேண்டும். கண்ணுக்கு இது வேறொரு பழக்கம்.

செயலிகள் ஐந்து

லிசெஸ்: பிரெஞ்சு நிரலாளர் திபோ டுப்ளெஸ்ஸி 2010 இல் தொடங்கியது. கட்டணமில்லை, விளம்பரமில்லை; நிரலும் எல்லோரும் காணத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. மக்கள் ஆடிய ஆட்டங்களிலிருந்தே எடுத்த பல லட்சம் புதிர்கள் உள்ளன. சில புதிர்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு தொடர்பின்றியும் விடுவிக்கலாம். முதல் நகர்வு தவறினாலே புள்ளி குறைகிறது. இது நல்ல கண்டிப்பு. ஆனால் தவறு எதனால் என்று அது விளக்குவதில்லை. வேறொன்றை முயலுமாறு சொல்வதோடு சரி. நேரத்துக்கு எதிராகப் புதிர்களை விடுவிக்கும் 'ஸ்டார்ம்' பகுதி பொழுதுபோக்குக்கு உகந்தது. தொடக்க மாணவர் கற்பதற்கு உகந்ததன்று.

செஸ்.காம்: 2007 முதல் இயங்கும் பெரிய நிறுவனம். பாடங்கள் ஒழுங்குபடுத்தப்பட்டு அழகாக உள்ளன. ஆனால் கட்டணம் செலுத்தாதவருக்குப் புதிர்களும் ஆட்ட ஆய்வும் அளவோடுதான் கிடைக்கும். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு நகர்வுக்கும் 'பிரில்லியன்ட்', 'பிளண்டர்' என்று முத்திரை குத்திக் காட்டுகிறது. முத்திரையைப் படிக்கும் மாணவன், தன் தவறைத் தானே தேடும் வேலையை விட்டுவிடுகிறான். என் கருத்தில் இது உதவியின் உருவில் வரும் இழப்பாகும்.

செஸ்ஸபிள்: ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885 இல் மறதியைப் பற்றி எழுதிய நூலில் வேர்கொண்ட முறையைப் பின்பற்றுவது. ஒருமுறை கற்றதைச் சில மணி நேரம், ஒரு நாள், சில நாட்கள், ஒரு வாரம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மீண்டும் கேட்கிறது. ஆட்டத் தொடக்க வரிசைகளை நினைவில் இருத்த இதனினும் வசதியான வழி அரிது. ஆனால் கேட்கப்படுவது நகர்வே ஒழியக் காரணமன்று. காரணம் அறியாமல் நகர்வை மனப்பாடம் செய்தவன், எதிராளி வரிசையிலிருந்து விலகிய மறுகணமே திகைத்து நிற்பான். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்த மாணவன் இயற்பியல் தேர்வில் திகைப்பதும் இவ்வாறே.

சிடி-ஆர்ட்: செஸ் கிங் நிறுவனத்தின் பழம்பெரும் பயிற்சித் தொகுப்பு. தொடர்பின்றி இயங்கும்; ஒரு பகுதி இலவசம், முழுவதற்கும் கட்டணம். தோற்றம் சற்றுப் பழையது. ஆனால் இதில் ஓர் அரிய பண்பு உண்டு. தவறினால், அத்தவறை எதிராளி எவ்வாறு தண்டிப்பார் என்று ஆடிக் காட்டுகிறது. பிறகு, அதே கருத்தை ஐந்துக்கு ஐந்து கட்டங்கள் கொண்ட ஒரு சிறு பலகையில் சுருக்கிக் காட்டி, மீண்டும் சிந்திக்க விடுகிறது. நல்ல ஆசிரியர் செய்வதும் இதுவே. விடையைச் சொல்லாமல், அதைவிட எளிய வேறொரு கணக்கைக் கொடுத்து, "இதைப் போட்டுவிட்டு அதற்கு வா" என்பார்.

ஃபார்வர்டு செஸ்: பெயர் பெற்ற பதிப்பகங்களின் சதுரங்க நூல்களை டேப்லெட்டில் படிக்க உதவுவது. இறக்கிய நூலைத் தொடர்பின்றிப் படிக்கலாம். நகர்வைத் தொட்டால் பலகையில் காய் தானே நகரும். இவ்வசதியே இதன் குறையும் ஆகும். அச்சு நூலைப் படிக்கும்போது, ஐந்து நகர்வுக்கு அப்பால் பலகை எப்படி இருக்கும் என்று மனத்தில் கண்டாக வேண்டும். அம்முயற்சியை இங்கே விரல் எடுத்துக்கொள்கிறது.

மானியைப் பற்றி ஓர் எச்சரிக்கை

இச்செயலிகளில் பலவற்றினுள் 'எஞ்சின்' என்னும் கணிப்பு நிரல் இருக்கிறது. 1997 இல் காஸ்பரோவை வென்ற டீப் புளூ, வினாடிக்கு 20 கோடி நிலைகளை ஆராயும் பெரும் இயந்திரம். இன்று டிராய்ட்ஃபிஷ் போன்ற இலவசச் செயலி வழியாக டேப்லெட்டிலேயே இயங்கும் ஸ்டாக்ஃபிஷ் அதைவிட வலிமையானது. அது நிலையைப் பார்த்து +1.00 என்பது போன்ற ஓர் எண்ணைக் காட்டும். இவ்வெண்ணின் பொருள் என்ன? 2022 இல் வெளிவந்த 15.1 ஆம் பதிப்பிலிருந்து, ஸ்டாக்ஃபிஷ் தன்னோடு தானே ஆடினால் வெல்வதற்குப் பாதி வாய்ப்பு உள்ள நிலைக்கு +1.00 என்று அளவீடு செய்திருக்கிறார்கள். அதாவது அது இரு இயந்திரங்களுக்கிடையே பொருந்தும் அளவு. ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கும் அவளுடைய எதிராளிக்கும் அது அப்படியே பொருந்தாது. வெப்பமானி காய்ச்சலின் அளவைக் காட்டும். காய்ச்சலுக்குக் காரணத்தைக் காட்டாது. எஞ்சினின் எண்ணும் அத்தகையதே.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று, 18 வயதில் உலகப் பட்டம் பெற்ற சென்னையின் குகேஷை இங்குக் குறிப்பிடலாம். தரப்புள்ளி ஏறத்தாழ 2500 ஐ எட்டும் வரை அவர் பயிற்சியில் எஞ்சினைப் பயன்படுத்தவில்லை என்று அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா கூறியிருக்கிறார். ஒருவரின் அனுபவம் பொது விதியாகிவிடாது. சிறுவயது முதலே எஞ்சினோடு வளர்ந்து உயர்ந்தவர்களும் உண்டு. ஆனால் எஞ்சின் இல்லாமல் முன்னேற முடியாது என்னும் எண்ணம் தவறு என்பதற்கு இந்த ஒரு சான்றே போதும். அதற்கும் முன்னர், 1972 இல் மானுவல் ஆரோன் சென்னையின் சோவியத் பண்பாட்டு மையத்தில் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில் சிறுவன் ஆனந்த் பயின்றபோது, அங்கே பலகையும் நூலும் எதிரே அமர்ந்த மனிதர்களும்தாம் இருந்தனர்.

குறையும் தீர்ப்பும்

இவ்வைந்திலும் எனக்குத் தென்பட்ட பெருங்குறை மொழியே. லிசெஸின் பொத்தான்களையும் பட்டியல்களையும் தமிழில் காணலாம். ஆனால் ஒரு நகர்வு ஏன் சிறந்தது என்னும் விளக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கிறது. காய்களின் படத்தோடு அச்சிட்ட நகர்வுக் குறியீட்டை எம்மொழியினரும் படிக்கலாம். காரணத்தைப் படிக்க மொழி வேண்டும். தமிழ்வழி மாணவருக்கு இன்று நகர்வு கிடைக்கிறது, காரணம் கிடைப்பதில்லை. உலக சாம்பியன்களைத் தந்த தமிழகத்தில், 2022 இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடத்திய மாநிலத்தில், இக்குறை நீடிப்பது முறையன்று. நிரல் எழுதத் தெரிந்த நம் இளைஞர்களும் தமிழறிந்த பயிற்சியாளர்களும் சேர்ந்தால் இது தீரக்கூடியதே.

சிறுமியின் தந்தைக்கு நான் கூறிய விடை இது: இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். லிசெஸும் சிடி-ஆர்ட்டின் இலவசப் பகுதியும் போதும். அப்பணத்தில் ஒரு பலகையும் ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்குங்கள். புதிரைத் திரையில் பார்த்துப் பலகையில் அடுக்க வேண்டும். காயைத் தொடாமல் சிந்தித்து, தன் நகர்வையும் எதிராளியின் பதிலையும் நோட்டில் எழுத வேண்டும். அதன் பிறகே திரையைத் தொட வேண்டும். எஞ்சினை, ஆட்டம் முடிந்து தன் தவறுகளைத் தானே குறித்துவிட்ட பின்னர், விடைத்தாள் திருத்துபவரைப் போல மட்டுமே அழைக்க வேண்டும்.

முன்பு இருபது புதிர்களை எட்டு நிமிடத்தில் முடித்தவளுக்கு இப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. முதல் முயற்சியிலேயே சரியாக வருபவை ஒன்பதிலிருந்து பதின்மூன்று ஆகியுள்ளன. தரப்புள்ளி சிறிது இறங்கியிருக்கிறது. அதில் அவளுக்கு வருத்தம். இப்போது இறங்கியிருப்பதுதான் அவளுடைய உண்மையான புள்ளி என்று சொன்னேன். நோட்டுப் புத்தகத்தில் நாற்பது பக்கம் நிரம்பியிருக்கிறது. அவற்றில் அடித்துத் திருத்திய வரிகளே மிகுதி.