மே பம்ப்ஸ்: வேகமல்ல, வரிசை

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ‘மே வாரம்’ ஜூன் மாதத்தில் வருகிறது. ஆண்டுத் தேர்வுகளுக்கு முன்பாக மே மாதத்தில் நடந்துவந்த கொண்டாட்டங்கள் 1880-களில் தேர்வு முடிந்த பின்னான நாள்களுக்குத் தள்ளிப்போனபோது நாள் மாறியதே தவிரப் பெயர் மாறவில்லை. தேர்வு முடிவுகள் வெளியாவது, டிரினிட்டி கல்லூரிப் பாடகர் குழு மாலை வேளையில் கேம் ஆற்றுப் படகுகளிலிருந்து பாடுவது, 1883-இல் தோன்றிய ஃபுட்லைட்ஸ் குழுவின் நகைச்சுவை அரங்கு, விடிய விடிய நீளும் கல்லூரி நடன விருந்துகள் என்று படிப்பும் கலையும் ஒன்றையொன்று நெருக்கும் இந்நாள்களுக்கு வாசலாக அமைவது, புதன் முதல் சனி வரை நான்கு நாள் நடைபெறும் ‘மே பம்ப்ஸ்’ படகுப் பந்தயமாகும். நடன விருந்துகளுள் புகழ்பெற்றதான டிரினிட்டியின் விருந்து இன்றும் அக்கல்லூரிப் படகுக் கழகத்தின் பெயரிலேயே நடத்தப்படுவதிலிருந்து, இவ்வாரத்தில் ஆற்றுக்கு உள்ள இடத்தை உணரலாம்.

கேம் ஆறு குறுகலானது. துடுப்பாளர் எண்மர் அமரும் நீண்ட படகுகள் இரண்டு பக்கம் பக்கமாகப் போட்டியிட அதில் இடம் போதாது. இந்த இடநெருக்கடிக்கு 1827-இல் கண்ட தீர்வே பம்ப்ஸ், அதாவது முட்டுப் பந்தயம். ஒரு பிரிவுக்கு வழக்கமாக 17 படகுகள் கரையோரம் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஒரு படகின் முன்முனைக்கும் அதற்கு முன்னுள்ள படகின் பின்முனைக்கும் இடையே ஒன்றரைப் படகு நீளம், ஏறத்தாழ 90 அடி, விடப்படும். நான்கு நிமிடம் இருக்கும்போது ஒரு வேட்டும், ஒரு நிமிடம் இருக்கும்போது இன்னொன்றும் அதிர, மூன்றாம் வேட்டில், படகை இயக்கி வழிசொல்லும் ‘காக்ஸ்’ தம் கையிலுள்ள சங்கிலியை விட்டதும் எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் பாய்கின்றன. முன்னே செல்லும் படகைப் பின்னே வருவது முட்டிவிட்டாலோ, முன்படகின் காக்ஸ் கையுயர்த்தித் தோல்வியை ஒப்புக்கொண்டாலோ, இரண்டும் கரையொதுங்கி அன்றைய பந்தயத்திலிருந்து விலகும். மறுநாள் அவை இடம் மாறி நிற்கும். முட்டாமலும் முட்டப்படாமலும் இறுதிவரை துடுப்பு வலித்த படகு தன் இடத்தைத் தக்கவைத்துக்கொள்ளும்.

இந்த விதிகளின் கணக்கைச் சற்று விரித்துப் பார்த்தால்தான் ஆட்டத்தின் இயல்பு புலப்படும். துரத்தப்படும் படகு விநாடிக்கு 5 மீட்டர் செல்வதாகக் கொண்டால் மூன்று நிமிடத்தில் அது 900 மீட்டர் கடந்திருக்கும். துரத்தும் படகு அதற்குள் இடைவெளியான 27 மீட்டரை அடைக்க வேண்டுமானால் அதைவிட 3 விழுக்காடு மட்டுமே கூடுதல் வேகம் தேவை. ஆனால் துரத்தப்படுவது தனக்கு முன்னுள்ள படகை முதலில் முட்டிவிட்டால் இரண்டுமே களத்திலிருந்து நீங்கிவிட, துரத்தி வந்த படகுக்கு எதிரே வெற்று நீரே எஞ்சும். அடுத்த இலக்கு அதற்கு மூன்றிடம் முன்னே உள்ளது. படகின் நீளம் 18 மீட்டர் எனக் கொண்டால் தொடக்கத்தில் அது 117 மீட்டர் தொலைவில் நின்றிருக்கும். 2,000 மீட்டர் ஓட்டத்துக்குள் அதை எட்ட 6 விழுக்காடு வேகமிகை வேண்டும். ‘ஓவர்பம்ப்’ எனப்படும் இந்தத் தாண்டி முட்டல் அரிதாக நிகழ்வதும், நிகழ்ந்தால் ஒரே நாளில் மூன்றிடம் ஏற்றிவிடுவதும் இதனால்தான். வேகமான படகொன்று, முன்னுள்ள படகும் வேகமானது என்ற ஒரே காரணத்தால், நான்கு நாளும் அசையாமல் நிற்க நேரலாம். நடுத்தரப் படகொன்று, தளர்ந்த குழுக்களுக்குப் பின்னே அமைந்த நல்லூழால், நான்கு முட்டுகளோடு கரையேறலாம். அப்படி நாள்தோறும் முட்டியவர்கள் கல்லூரி வண்ணம் தீட்டித் தங்கள் பெயர் பொறித்த துடுப்பைப் பெற உரியவர்கள். அதற்கு ‘பிளேட்ஸ்’ என்று பெயர். வெற்றியை வேகத்துக்கான சான்றாக வாசிக்கும் பழக்கமுள்ள விளையாட்டுப் பத்திகள் இங்கே தடுமாறுவது இயல்பே.

ஆற்றின் வளைவுகள் இந்தக் கணக்கை மேலும் குலைக்கின்றன. கிராஸி, டிட்டன் ஆகிய இரு கூர்வளைவுகளில் அகல வளைக்கும் காக்ஸ், எட்டுப் பேர் சேர்ந்து ஈட்டிய முன்னிலையைச் சில விநாடிகளில் இழந்துவிடக்கூடும். கரையில் சைக்கிளில் தொடர்ந்து வரும் குழுவினர் இடைவெளி ஒரு படகு நீளமாகும்போது ஒரு விசிலும், அரையாகும்போது இரண்டும், மேலும் நெருங்கும்போது மூன்றும் ஊதுவர். துடுப்பாளர்கள் பின்னோக்கி அமர்ந்திருப்பதால் துரத்துவோருக்கு இலக்கு தென்படாது, துரத்தப்படுவோருக்கோ ஆபத்து கண்ணெதிரிலேயே நெருங்கும். உளவியலில் இந்த ஏற்றத்தாழ்வு சிறிதன்று. விளையாட்டாகத் தோன்றும் முட்டலில் உண்மையான அபாயமும் இருந்திருக்கிறது: 1888-இல் படகின் கூர்முனை பாய்ந்து மாணவர் ஒருவர் உயிரிழந்த பின்னரே முன்முனையில் ரப்பர் பந்து பொருத்துவது கட்டாயமாயிற்று.

எனினும் இப்பந்தயத்தை ஏனைய போட்டிகளிலிருந்து முற்றிலும் பிரித்துக் காட்டுவது மற்றொரு விதி. சனிக்கிழமை முடிந்த வரிசையிலேயே அடுத்த ஆண்டுப் புதன்கிழமை தொடங்குகிறது. ஓவர்பம்ப் போன்ற விதிவிலக்குகள் நீங்கலாக, ஓராண்டில் ஏறக்கூடியது நான்கு இடம். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் பன்னிரண்டு இடம். முதற்பிரிவின் பதினேழாம் இடத்திலிருந்து முதலிடம் சேர பதினாறு முட்டுகள் வேண்டும் என்பதால், பதினேழாம் இடத்தில் தொடங்கிய எந்த மாணவரும் தம் பட்டக் காலத்துக்குள் அந்தப் பயணத்தை முடிக்க இயலாது. ‘ஆற்றின் தலைமை’ எனப்படும் முதலிடம், ஆகவே, பெற்றதில் பாதியும் பரம்பரையில் பாதியுமான சொத்து. வசந்த காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டை எதிர்த்துப் பல்கலைக்கழகத்துக்காகத் துடுப்பு வலித்த வீரர்கள் மே பம்ப்ஸில் தத்தம் கல்லூரிப் படகுகளுக்குத் திரும்புவதுண்டு. அத்தகைய இருவர் வந்து சேர்ந்தாலே ஒரு படகின் தரம் உயர்ந்துவிடும், ஆனால் அவர்களாலும் நாளுக்கு ஓரிடம்தான் ஏற முடியும்.

ஒப்பிட்டுப் பார்க்க அதே வளாகத்தில் மற்றொரு வரிசை இருந்தது. கேம்பிரிட்ஜின் பட்டத் தேர்வுக்கு ‘டிரைபாஸ்’ என்று பெயர். வாதத் தேர்வு நடத்தியவர் அமர்ந்த முக்காலியிலிருந்து வந்த சொல் அது. கணித டிரைபாஸில் முதல் வகுப்புத் தேறியோர் ‘ராங்ளர்’கள், அவர்களுள் முதல்வர் ‘சீனியர் ராங்ளர்’ என ஒவ்வொருவரும் தகுதி வரிசையில் அறிவிக்கப்பட்டனர். 1899-இல் புனேவைச் சேர்ந்த பரஞ்சபே அவ்விடத்தைப் பகிர்ந்து பெற்ற முதல் இந்தியரானார். 1890-இல் பிலிப்பா ஃபாசெட், பெண் என்பதால் வரிசையில் எண் பெறாமல், ‘சீனியர் ராங்ளருக்கும் மேலே’ என அறிவிக்கப்பட்டார். பெண்களுக்கு முழுப் பட்டம் கிடைக்க 1948 வரையும், மே பம்ப்ஸில் இடம் கிடைக்க 1974 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் அவர்களுக்கு நால்வர் படகுகளே தரப்பட்டன. எண்மர் படகு 1990-இல்தான் வந்தது.

தகுதி வரிசைமீது ஜி. எச். ஹார்டி போன்ற கணித அறிஞர்கள் கொண்டிருந்த வெறுப்பு பெயர்பெற்றது. 1898-இல் நான்காம் ராங்ளரான அவரே, பின்னாளில் தம் அழைப்பால் கேம்பிரிட்ஜ் வந்த கும்பகோணத்து ராமானுஜனை டிரைபாஸ் பயிற்சிக்குள் தள்ளாமல் விட்டார்; ராமானுஜன் 1916-இல் பெற்ற பட்டம் ஆய்வுக்காக அளிக்கப்பட்டது. அதற்குள் தகுதி வரிசையும் மறைந்திருந்தது. 1909-இல் கடைசியாக வெளியான அந்தப் பட்டியலின் அடியில் நின்றவர் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி மாணவர். கடைசியாகத் தேறுபவருக்குச் சக மாணவர்கள் கேலியாக வழங்கிவந்த மரக்கரண்டி அவருக்கும் கிடைத்தது. அவர் அக்கல்லூரியின் லேடி மார்கரெட் படகுக் கழகத் துடுப்பாளர் என்பதால் அக்கரண்டி ஒரு துடுப்பிலிருந்தே செய்யப்பட்டது. நான்கு நாளும் முட்டப்பட்டுக் கீழிறங்கிய குழுவை ஆற்றில் இன்றும் ‘ஸ்பூன்ஸ்’ வாங்கியதாகவே சொல்கிறார்கள். மூளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவதைக் கைவிட்ட பல்கலைக்கழகம், அதைவிடப் பன்மடங்கு அநீதியான படகு வரிசையைக் கைவிடாததற்குக் காரணம் தெளிவு: தேர்வு வரிசையில் தோற்றவர் தனிமனிதராகத் தோற்றார், படகு வரிசையில் தோற்பது இடம்.

கொள்ளைநோயால் 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளும் மே பம்ப்ஸ் நடைபெறவில்லை. 2022 ஜூனில் வேட்டு மீண்டும் அதிர்ந்தபோது படகுகள் 2019-இன் சனிக்கிழமை விட்டுச் சென்ற வரிசையில் நின்றன. அவ்விடங்களைப் போராடிப் பெற்றவர்களுள் பெரும்பாலோர் அதற்குள் பட்டம் வாங்கி வெளியேறியிருந்தனர்.