இடைக்கால ஆங்கில இலக்கிய ஆய்வும் மூலநூல் தெரிவும்

இலக்கிய ஆய்வில் மூலநூல் கிடைப்பது வேறு. கிடைத்ததன் தகுதியை அறிவது வேறு. இடைக்கால ஆங்கில இலக்கியத்தை ஆயப் புகும் நம் மாணவர்க்கு இவ்வேறுபாடு போதிய அளவு உணர்த்தப்படவில்லை என்பதே எமது கருத்து.

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டமொன்றில் வாழும் மாணவர் சாசரை ஆய விழைகிறார் எனக் கொள்வோம். கோலாலம்பூரின் பெருநூலகங்கள் அவருக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. எனினும், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதியும், ராச்செஸ்டர் பல்கலைக்கழகம் குறிப்புரையுடன் வழங்கும் பதிப்புகளும் இன்று இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆகவே, தொலைவு முன்போல் பெருந்தடையன்று. இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது.

1400இல் மறைந்த சாசர் தம் கைப்பட எழுதிய 'காண்டர்பரிக் கதைகள்' படி எதுவும் கிடைக்கவில்லை. பிறர் எழுதிய 80க்கும் மேற்பட்ட படிகளே உள்ளன. அவற்றுள் எல்லெஸ்மியர், ஹெங்குர்ட் ஆகிய இரண்டும் தலையாயவை. பதிப்புரிமைக் காலம் கடந்தமையால் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் ஸ்கீட்டின் 1894ஆம் ஆண்டுப் பதிப்பு, பெரிதும் எல்லெஸ்மியர் படியைத் தழுவியது. ஹெங்குர்ட் படியிலோ கதைகளின் வரிசை வேறு. கேனனின் பணியாளன் கூறும் கதை அதில் இடம்பெறவேயில்லை. இதனை அறியாது அக்கதையைக் கொண்டு நூலின் கட்டமைப்பைப் பற்றி முடிவு கூறுவோரின் ஆய்வு அடித்தளமின்றி நிற்கும்.

இத்தகைய சிக்கல் தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. அதே 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தார். ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காணும் அப்பயிற்சி நம் மரபிலேயே உண்டு. சங்கநூலை அணுகுகையில் 'எவருடைய பதிப்பு?' என வினவும் மாணவர், சாசரை அணுகுகையில் மட்டும் அவ்வினாவைக் கைவிடுதல் பொருந்தாது.

இங்கு வேண்டப்படுவது வழிகாட்டி நூலொன்று. மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையை வழிநடத்திய தனிநாயக அடிகளார், தமிழாய்வு நூல்களுக்கான வழிகாட்டியை 1966இல் வெளியிட்டார். நூல்களுக்கெனவே அமைந்த அம்முயற்சியை முன்மாதிரியாகக் கொண்டு, இடைக்கால ஆங்கில இலக்கியத்திற்கும் தமிழில் ஒரு வழிகாட்டி எழுதப்பட வேண்டும். அது பெயர்ப்பட்டியலாக அமைந்துவிடலாகாது. ஒவ்வொரு பதிப்பும் எப்படியை அடியொற்றியது, எங்கு ஐயத்திற்குரியது, மாற்றாக எதனை நாடலாம் என்பவற்றை அது கூறவேண்டும். 2023 அக்டோபரில் நிகழ்ந்த இணையத் தாக்குதலால் பிரித்தானிய நூலகத்தின் கையெழுத்துப்படிப் படிமங்கள் நெடுநாள் எட்டாதனவாயின. ஒரே களஞ்சியத்தை நம்பியிருப்பதன் இடரை அந்நிகழ்வு காட்டிற்று.

நூலக வாயிலில் நிற்பவருக்கும் மலைத்தோட்டத்தில் இருப்பவருக்கும் இன்று நூல்கள் ஏறத்தாழ ஒன்றே. ஆசிரியரை அணுகிக் கேட்கும் வாய்ப்பே இருவரையும் வேறுபடுத்துகிறது. அக்குறையை ஓரளவேனும் நிறைக்கவல்லது நல்லதொரு வழிகாட்டியே எனத் துணியலாம்.